அண்ணையின் பெயரை நான் எழுதவில்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. நாலு வருடமாகக் கேட்காத குரல். ஆனால் செருமலிலேயே ஆளை அறிந்துகொண்டேன்.

"பிள்ளை, சுகமே? அண்ணை கதைக்கிறன்."

கூடப் பிறந்த அண்ணன் அல்ல. எங்களுக்கு முன்னமே ஜேர்மனிக்கு வந்து, டொச் மொழி படித்து, இந்த நகரத்து அரசாங்கக் கந்தோர்கள் எல்லாவற்றிலும் எங்களுக்காகக் கதைத்த மொழிபெயர்ப்பாளர். இங்குள்ள தமிழர் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். என்னைப் போலவே அவருக்கும் ஊர் புளியங்கூடல்.

"ஊர்ப் பத்திரிகைக்கு நீர் ஏதோ குறிப்பு எழுதுறீராம். கேள்விப்பட்டனான்."

"ஓம் அண்ணை."

"எழுதும், நல்லது. ஆனா பழைய கதையளைக் கிளறேக்கை என்ரை பேரைப் போட்டிடாதையும். அடுத்த மாசம் கலைவிழாவிலை எனக்குப் பொன்னாடை போர்த்தினம். எங்கடை பிள்ளையளின்ரை படிப்புக்குச் செய்த சேவைக்காம். இந்த நேரத்திலை ஏன் வீண் கதை? விளங்குதோ?"

"ஓம் அண்ணை. உங்கடை பேரைப் போடமாட்டன். சத்தியமாப் போடமாட்டன்."

"நீர் நல்ல பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கக் குழம்பு அடிப்பிடித்திருந்தது.

பிள்ளைகளின் படிப்புக்குச் செய்த சேவையாம்! அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிவில் இன்னொரு குழம்பு வைத்திருக்கலாம். ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குத்தான். இந்தக் குறிப்பின் கடைசி வரி வரைக்கும் தேடிப் பாருங்கள். அவருடைய பெயர் இருக்காது.

2

எங்கள் அம்மா தன் வாயால் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் இருந்த உங்களுக்கு இது புதினமல்ல. அப்பாவின் பெயர் முருகனுடைய பெயர்களில் ஒன்று. கந்தசஷ்டிக்குக் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாடும்போதும் அந்த ஒரு பெயரை மட்டும் அம்மா விழுங்கிவிடுவா. முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் அப்பா "இஞ்சருங்கோ". மற்றவர்களிடம் பேசும்போது "வேலியடியிலை நிக்கிறவர்", "உந்தச் சைக்கிள்காரர்", "இந்தப் பிள்ளையளின்ரை கொப்பர்". புதிதாக வீட்டுக்கு வந்த ஆளுக்குக்கூட யாரைச் சொல்கிறா என்று விளங்கும். பெயர் அங்கே இல்லை. பெயரைச் சுற்றி நிற்பவை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். தாய் தகப்பனின் பெயரை வாய்விட்டுச் சொன்னால், "வாயிலை போடுவன்" என்று அகப்பைக் காம்பு தூக்கப்படும்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இந்தப் பழக்கம் வீட்டை விட்டு றோட்டுக்கும் வந்தது. காரைநகரில் கடற்படை இருந்தது. எந்த நாள் எங்கே மறித்து இளைஞர்களைப் பிடிப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவரும் வாய் திறக்கமாட்டார். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் இருந்தார். சில நாட்களில் மண்கும்பான் வந்ததும், "இண்டைக்கு வெயில் கூட. இளம் பெடியள் இறங்கி நிழலிலை நில்லுங்கோ" என்பார். வெளியே பார்த்தால் மழை இருட்டிக்கொண்டு நிற்கும். ஒருவரும் சிரிப்பதில்லை. பெடியள் பேசாமல் இறங்கிவிடுவார்கள். பாலத்தடியில் மறித்து ஏறும் கடற்படைக்காரன் பஸ்ஸுக்குள் கிழவர்களையும் எங்களையும்தான் காண்பான்.

சொல்லின் முகத்தைப் பார்த்து நம்பாதே, பக்கத்தில் நிற்பதைப் பார் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. உயிர் தப்ப வேண்டும் என்றால் அது தானாக வரும். ஜேர்மனிக்கு வந்தபோது என்னிடம் அகராதி இருக்கவில்லை, அது ஒன்றுதான் இருந்தது.

3

புளியங்கூடலில் அண்ணையின் வீட்டைத் தெரியாதவர் இல்லை. கேற்றின் இரண்டு தூண்களிலும் சீமெந்தில் இரண்டு அன்னம். ஒன்றின் தலை தேங்காய் விழுந்து உடைந்துபோனது, கடைசிவரைக்கும் ஒட்டவில்லை. பின்வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு இங்கிலீஷ் ரியூஷன் கொடுத்தார். வசனத்துக்கு வசனம் "விளங்குதோ?" என்பார். இல்லை என்றவனுக்குக் குட்டு விழும். ஆகவே எல்லோருக்கும் எல்லாமே விளங்கியது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்.

நான் மகள் வதனியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தபோது அவளுக்கு மூன்று வயது. இவர் எனக்கு முன்னமே வந்து ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். இந்தக் குறிப்பில் "இவர்" என்றால் என் மனுசன். மற்ற எந்த ஆணையும் அப்படிச் சொல்லமாட்டேன், நீங்கள் குழம்ப வேண்டாம்.

வதனிக்கு ஆறு வயதானபோது பள்ளிக்கூடத்தில் சேர்க்க முன்னர் ஒரு பரீட்சை வைத்தார்கள். எனக்கு டொச்சில் காலை வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். இவருக்கு வேலை. மொழிபெயர்க்க அண்ணை வந்தார். மேசைக்கு அப்பால் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு அதிகாரி அம்மா இருந்தா. வதனி வட்டம் கீறினாள். நிறங்களைக் காட்டினாள். பிறகு அண்ணை தமிழில் கேட்டார்.

"அப்பான்ரை பேர் என்ன?"

வதனி என்னைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதிகாரி அம்மா திரும்பக் கேட்கச் சொன்னா.

"அப்பான்ரை பேர்?"

"அப்பா" என்றாள்.

"அம்மான்ரை பேர்?"

"அம்மா."

எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு கேள்வி என் பக்கம் திரும்பியது. புருஷனின் பெயர் என்ன? நான் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணைக்குத் தெரியுந்தானே, நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். அவருடைய மனைவியும் அவரை "இஞ்சருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறா. "எங்கள் ஊரில் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை" என்று ஒரு வசனம் போதும். அவர் அதைவிடச் சின்னதாக ஏதோ சொன்னார். மூன்றே சொல். அதிகாரி அம்மா என்னையும் பிள்ளையையும் பார்த்த பார்வை மாறியது. எழும்பி வந்து என் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னா. அதற்குள் "சொண்டர்சூலே" என்று ஒரு சொல் வந்தது.

வெளியே படியில் வைத்து அண்ணை சொன்னார்.

"நல்லது பிள்ளை. பெரிய பள்ளிக்கூடம் குடுத்திருக்கினம். வகுப்பிலை பத்துப் பிள்ளையள்தான், வடிவாக் கவனிப்பினம். வாசலுக்கு பஸ் வந்து ஏத்தும். என்ரை மகளும் அங்கைதான் படிக்கிறா. விளங்குதோ?"

எங்கள் தீவில் யாருடைய வாசலுக்கு பஸ் வந்தது? அன்றைக்கு வீட்டில் பால்புக்கை பொங்கினேன்.

4

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். அங்கேதான் டொச் பிடித்தேன். அகராதி வாங்க நேரமுமில்லை, வாங்கினாலும் அது இங்கிலீஷுக்குத்தான் கொண்டுபோய் விடும். மண்கும்பான் பஸ்ஸில் செய்த வேலையைத்தான் செய்தேன். சாப்பாட்டு நேரம் தாதிமார் கிழவிகளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். கிழவி வயிற்றைத் தடவி, தலையை ஆட்டி, "சுஃப்ரீடன்" என்பா. மருந்து நேரத்தில் அதே கிழவி அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. அப்படியென்றால் திருப்தி. இப்படி ஒவ்வொன்றாக.

சொண்டர்சூலே மட்டும் பிடிபடவில்லை. அண்ணை சொன்ன பொருள் இருந்தது, பெரிய பள்ளிக்கூடம் என்று. ஆனால் அதைச் சுற்றி நின்றவை அப்படிச் சொல்லவில்லை. பெரிய பள்ளிக்கூடம் கிடைத்ததற்கு அந்த அதிகாரி அம்மா செத்தவீட்டில் தொடுவதுபோல என் கையை ஏன் தொட்டா?

ஒருநாள் என்னோடு வேலை செய்யும் ஹெல்கா, மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னேன். ஹெல்காவின் கையில் மடித்துக்கொண்டிருந்த துவாய் அப்படியே நின்றது. அடுத்த நாள் வதனிக்கென்று ஒரு பெட்டி சொக்கிலேட் கொண்டுவந்தா. பிறந்தநாளும் இல்லை, கிறிஸ்மசும் இல்லை. நல்ல செய்திக்கு இந்த ஊரில் ஒருவரும் இப்படிச் சொக்கிலேட் தருவதில்லை.

வீட்டில் வதனி சோப்புத்தூள் பெட்டியில் இருக்கிற எழுத்தெல்லாம் தானாக வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து மணி கோத்த நூலும், நிறம் தீட்டிய வாத்தும்தான் கொண்டுவந்தாள். எட்டு வயதிலும் வாத்து.

பிறகு ஒரு பின்னேரம் எங்கள் மாடிப்படியில் இரண்டு பெடியன்கள் சண்டை பிடித்தார்கள். நாய் என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். இன்னும் ஏதேதோ சொன்னான். அதற்கும் சிரிப்புத்தான். கடைசியில் "சொண்டர்சூலே" என்றான். மற்றவன் பாய்ந்து மூக்கில் குத்தினான். இரத்தம் என் வாசல் கால்மிதியில் விழுந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தின் பெயருக்காக மூக்கு உடைகிறது என்றால் அது என்ன பள்ளிக்கூடம்? நான் படியிலேயே இருந்துவிட்டேன். கையைத் தொட்டது, துவாய் நின்றது, சொக்கிலேட், வாத்து, மூக்கு. எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். அங்கே என் பிள்ளை இரண்டு வருடமாகப் போய்வருகிறாள். நான் பால்புக்கை பொங்கியிருக்கிறேன்.

அழுகை வரவில்லை. நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கொலைவெறிதான் வந்தது.

5

இவருக்குச் சொன்னபோது, "இப்பவே போய் அவன்ரை கழுத்தைத் திருகுவன்" என்று சப்பாத்தைத் தேடினார். "பொறுங்கோ" என்றேன். அடித்தால் அவர் நல்லவராகிவிடுவார். எனக்கு அவர் கதைக்க வேண்டும், அதிகாரிக்கு முன்னால், எனக்குப் பக்கத்தில் இருந்து.

ஹெல்கா மூலம் அதே அதிகாரி அம்மாவிடம் சந்திப்பு எடுத்தேன். வழக்கப்படி அண்ணையை வரவழைத்தார்கள். வதனியை வெளியே வாங்கில் இருத்திவிட்டு உள்ளே போனோம். நான் தமிழில் ஆறுதலாகச் சொன்னேன்.

"என்ரை பிள்ளைக்குத் தேப்பன்ரை பேர் தெரியும். எங்கடை வழக்கத்தாலைதான் அண்டைக்குச் சொல்லேல்லை. எனக்கும் தெரியும். திரும்பச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

அண்ணை அதிகாரியின் பக்கம் திரும்பி நீளமாகக் கதைத்தார். அதற்குள் நன்றி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பிறகு "சுஃப்ரீடன்" வந்தது. அதிகாரி அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினா.

"அண்ணை" என்றேன், "நான் நன்றி சொல்லேல்லையே. திருப்தி எண்டும் சொல்லேல்லையே."

அவர் முகம் கறுத்தது. "உமக்கு உது விளங்காது. பேசாமல் இரும்."

நான் அதிகாரியைப் பார்த்து டொச்சில் கதைக்கத் தொடங்கினேன். வினைச்சொற்கள் முன்னுக்குப் பின் நின்றிருக்கும், நின்றுவிட்டுப் போகட்டும். "அவர் சொன்னது என் சொல் இல்லை. என் சொல்லை நான் சொல்கிறேன்." எங்கள் ஊரில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை, பிள்ளை தகப்பனின் பெயரைச் சொல்வதில்லை, அது மரியாதை என்று சொன்னேன்.

அதிகாரி அம்மா அண்ணையைப் பார்த்தா. "நீங்கள் அன்று 'அவர்களுக்கு அது தெரியாது' என்றீர்களே?"

அந்த மூன்று சொல் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணை கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டா, "உங்கள் கணவரின் பெயர் என்ன?"

கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் தனிமையில்கூடச் சொல்லிப் பார்க்காத பெயர். அம்மா முருகனையே விழுங்கினவ. நான் அவவின் மகள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இவருடைய பெயரைச் சொன்னேன், தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாக. இங்கே எழுதக் கை வரவில்லை. அன்றைக்குச் சொல்ல வைத்தார்கள்.

பிறகு வதனியை உள்ளே கூப்பிட்டார்கள். "பிள்ளை, அப்பான்ரை பேரைச் சொல்லு. அம்மா அடிக்கமாட்டன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு சொன்னாள். அப்பாவின் பெயர், என் பெயர், இரண்டு பக்கத்துத் தாத்தாமாரின் பெயர், ஊர், தீவு. நிறுத்தச் சொல்லும்வரை சொன்னாள்.

6

வதனியைத் திரும்பச் சோதிப்பது என்று முடிவானது. எழும்பும் நேரத்தில் அதிகாரி அம்மா அண்ணையிடம் கேட்டா. "உங்கள் மகளும் அங்கேதானே? அவளிடமும் இதே கேள்விகள்தான் கேட்டிருப்போம். அவளையும் திரும்பப் பார்க்கவா?"

எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

"இல்லை" என்றார் அண்ணை. "என் மகளுக்கு அந்த இடம் நல்லது."

அப்போதுதான் முழுவதும் வெளித்தது. தன் மகள் அங்கே போவதை ஊருக்கு மறைக்கத்தான் பெரிய பள்ளிக்கூடம் என்று கதை கட்டியிருக்கிறார். அதே ஊர்ப் பிள்ளை ஒன்று சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கதை உடைந்துவிடும். ஆகவே என் பிள்ளையையும் அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இப்போது திரும்பச் சோதிக்கச் சொன்னால் பிழை நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை.

என் கோபத்தை விழுங்கிக்கொண்டு தமிழில் சொன்னேன். "அண்ணை, உங்கடையையும் கேளுங்கோவன். இப்ப கேட்டால் செய்வினம். கெட்டிக்காரப் பிள்ளை அது."

"உம்மடை வேலையைப் பாரும்."

அந்தப் பிள்ளை பஸ்ஸில் வதனிக்கு யன்னல் இருக்கையை விட்டுக்கொடுப்பவள். போகும் வழியில் வரும் கார்களைக் கூட்டவும் கழிக்கவும் வதனிக்குப் பழக்கியவள் அவள்தான். அவளுடைய பெயரையும் நான் எழுதமாட்டேன். அது, அந்தப் பிள்ளை பாவம் என்பதற்காக.

கந்தோர்கள் அதன் பிறகு அண்ணையைக் கூப்பிடவில்லை. நான் எரிச்சலில் கோள் மூட்டினேன் என்று தமிழர் வீடுகளில் சொல்லித் திரிந்தார். பிறகு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். அவருடைய வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றும்போது நான் யன்னலில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கந்தோரில் பெயரைச் சொன்ன அன்று இரவு சாப்பிடும்போது இவர் கையை நிறுத்திக் கேட்டார். "மெய்யே, என்ரை பேரைச் சொன்னனீராம்?"

"ஓம்."

"எப்பிடிச் சொன்னனீர்? ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

"பேசாமல் சாப்பிடுங்கோ" என்றேன். மனுசன் அன்று இரவு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தது.

7

வதனிக்கு இப்போது பன்னிரண்டு வயது. கெட்டிக்காரி. ஆனால் வகுப்பில் எல்லோரையும்விட இரண்டு வயது மூத்தவள். வகுப்புப் படத்தில் பின்வரிசை நடுவில் ஒரு தலை உயரத்தில் நிற்கிறாள். தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கோபம் ஆறுகிற மாதிரி இருந்தால் கதவைத் திறந்து பார்ப்பேன்.

தொலைபேசியில் தன் சிநேகிதிகளுக்குத் தகப்பனின் பெயரை வெறும் பெயராகச் சொல்கிறாள். எனக்கு உடம்பு கூசும். ஆனால் வாய் திறப்பதில்லை. அந்தப் பெயரைச் சொல்லாததற்கு அவள் கொடுத்த விலை போதும்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"என்ன எழுதுறீங்கள்?"

சொன்னேன்.

"பழிவாங்கிறீங்கள் அம்மா. விடுங்கோ." கடைசிச் சொல்லை மட்டும்தான் தமிழில் சொன்னாள், மிச்சமெல்லாம் டொச். "அவ வாசிச்சால் பாவமெல்லே?" யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினாலு வயது. அட்டைப்பெட்டி மடிக்கப் பழக்குகிறார்களாம்.

"அவ தமிழ் வாசிக்கமாட்டா" என்றேன். "நீயும்தான்."

வதனி கொஞ்ச நேரம் என் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பழிவாங்குவது கூடாது என்று எனக்கும் தெரியும். தேவாரம் படித்தவள்தான் நானும். ஆனால் அவருக்குப் போர்த்தப்போவது பொன்னாடை. என் பிள்ளையின் இரண்டு வருடமும், தன் பிள்ளையின் முழுப் படிப்பும் அதற்கு நூலாகப் போயிருக்கின்றன. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு ஏலாது.

ஆகவே அண்ணைக்கு ஒரு வார்த்தை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். இதில் உங்கள் பெயர் எங்குமே இல்லை. எங்கள் ஊரார் இன்று ஊரில் இல்லைத்தான். மானிப்பாயிலும் வன்னியிலும் கொழும்பிலும், பாரிஸ் வரைக்கும் சிதறிக் கிடக்கிறார்கள். ஆனாலும் தலையில்லாத அன்னத்தை ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். பின்வளவுக் கொட்டிலில் குட்டு வாங்கியவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

கலைவிழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது சபையில் யாராவது பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் ஏதும் சொல்லக்கூடும். என்ன சொன்னது என்று கேட்டு அலைய வேண்டாம். சுற்றி இருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள், அண்ணை.

விளங்குதோ?